நடனத்தில் இளங்கலைப் பட்டப்படிப்பு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின், நடனத்தையே முதன்மைப் பாடமாகக் கொண்டு பல்கலைக்கழகம் ஒன்றின் கீழ் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் படிக்கும் படிப்பே நடன இளங்கலைப் பட்டப்படிப்பு. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் பரதநாட்டியத்தைக் குறிக்கும். பட்டத்தின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் பி.ஏ., சில இடங்களில் பி.எஃப்.ஏ., இலங்கையில் நுண்கலைமாணி. பெயரைவிட முக்கியமானது, தனி ஆசிரியரிடம் கற்கும் நடனத்துக்கும் கல்லூரியில் கற்கும் நடனத்துக்கும் உள்ள வேறுபாடு. அது பெற்றோர் பலருக்கும், நடனம் கற்ற பிள்ளைகளில் சிலருக்கும்கூடத் தெளிவாகத் தெரிவதில்லை.

சென்னையின் கே.கே. நகர், அசோக் நகர், வடபழனி போன்ற பகுதிகளில் மாலை நேரத்தில் நடந்தால், ஏதாவது ஒரு வீட்டின் மாடியிலிருந்து தட்டுக்கழியின் ஓசை கேட்கும். ஐந்தாறு வயதில் அங்கே சேர்க்கப்படும் பிள்ளை வாரம் இரண்டு நாள் கற்று, சலங்கை பூஜை கண்டு, பத்தாம் வகுப்புக்கு முன்போ பின்போ அரங்கேற்றமும் செய்துவிடும். பிறகு பதினொன்றாம் வகுப்பு வரும், டியூஷன் வரும், சலங்கை பரணுக்குப் போகும். ஒரு சிலர் மட்டும் வீட்டில் கேட்பார்கள்: இதையே கல்லூரியில் படித்தால் என்ன? வீட்டிலிருந்து திரும்பி வரும் கேள்விகள் இரண்டு. பத்து வருடம் கற்றாயிற்றே, அதற்கு மேல் மூன்று வருடம் என்ன படிக்க இருக்கிறது? படித்தபின் என்ன வேலை? இரண்டும் நியாயமான கேள்விகள்.

அரங்கேற்றமும் பட்டமும்

முதல் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. அரங்கேற்று காதையில் மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஆடுகிறாள். இந்தக் காதையைப் படிப்பவர்கள் மாதவியின் ஆட்டத்தை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் வரும் பகுதியைத் தாண்டிவிடுகிறார்கள். அங்கே இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று ஆறு பேருடைய தகுதிகளை ஒவ்வொன்றாக விரிக்கிறார். ஒவ்வொருவரும் என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்பதோடு, அரங்கம் ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் இருக்க வேண்டும் என்பது வரை கணக்கு இருக்கிறது. ஒரு பெண் ஆடுவதற்குப் பின்னால் ஆறு துறை அறிவு தேவைப்பட்டிருக்கிறது.

இன்றைய வீட்டு வகுப்பில் இந்த ஆறு பேரின் வேலையையும் ஓர் ஆசிரியர் செய்கிறார், அல்லது செய்ய நேரமில்லாமல் விடுகிறார். அது அவர் குறையன்று. வாரம் இரண்டு மணி நேரத்தில் அடவுகளைச் சீர்செய்து உருப்படிகளைச் சொல்லித்தரவே பொழுது போதாது. ஆகவே அரங்கேற்றம் செய்த மாணவி ஏழெட்டு உருப்படிகளை நன்றாக ஆடுவார். அவற்றில் வரும் ஜதி எந்தத் தாளத்தில், எந்த நடையில் அமைந்திருக்கிறது என்று கேட்டால் தயங்குவார். தெரியாத ஒரு பதத்தைக் கொடுத்து அபிநயம் அமைக்கச் சொன்னால் திகைப்பார். பட்டப்படிப்பு இந்தத் தயக்கம் இருக்கும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. வகுப்பில் பிறர் அமைத்ததை ஆடக் கற்றவர், கல்லூரியில் தானே அமைக்கவும், அமைத்ததைப் பிறருக்குக் கற்பிக்கவும், எழுத்தில் வைக்கவும் கற்கிறார்.

இதில் பணத்தின் பங்கும் உண்டு. மண்டப வாடகை, பக்கவாத்தியம், உடை, ஒப்பனை, ஒளிப்பதிவு, விருந்து எல்லாம் சேர்ந்தால் சென்னையில் ஓர் அரங்கேற்றம் இலட்சங்களில் போய் நிற்கும். அதைச் செய்ய இயலாத வீட்டுப் பிள்ளை நடனத்தில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் தனியார் வகுப்பு முறையில் ஓர் எல்லைக்கு மேல் நகர்வது கடினம். கல்லூரியில் தேர்வு அரங்கே மேடையாகிவிடுகிறது. பாடுபவரும் மிருதங்கம் வாசிப்பவரும் கல்லூரியிலேயே இருக்கிறார்கள். நடனப் பட்டப்படிப்பைப் பற்றிப் பேசுவோர் அதிகம் பேசாத, ஆனால் அதிகம் பேச வேண்டிய பயன் இதுதான்.

பல்கலைக்கழகத்துக்குள் நடனம் வந்த வழி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதிர் என்று அழைக்கப்பட்ட இந்த நடனம் கல்லூரிப் பாடமாகும் என்று எவரும் நினைத்திருக்க முடியாது. அதை ஆடியவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். கற்பித்தவர்கள் நட்டுவனார் குடும்பங்கள். தேவதாசி ஒழிப்பு இயக்கம் ஒரு பக்கம் வலுத்தது. மறுபக்கம் வழக்கறிஞரான இ. கிருஷ்ண ஐயர் போன்றவர்கள் நடனத்தைக் காக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். 1930களின் தொடக்கத்தில் சென்னை மியூசிக் அகாதெமி பரதநாட்டியம் என்ற பெயரை ஏற்றது. 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ருக்மிணி தேவி ஆடினார்; அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா தோன்றியது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் நிறைவேறியது.

புதிய நிறுவனங்களில் கற்பிக்க வந்தவர்கள் பழைய மரபினரே. ருக்மிணி தேவிக்குக் கற்பித்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவருடைய மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்தார். கபாலீசுவரர் கோயிலைச் சேர்ந்த மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் ருக்மிணி தேவியும் பாலசரஸ்வதியும் அபிநயம் கற்றார்கள். இவர்களில் எவரிடமும் பட்டம் இல்லை. பாலசரஸ்வதி 1960களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். ஆனால் அடுத்த தலைமுறைகளில் நிறுவனப் படிப்பும் சான்றிதழும் உள்ளவர்கள் பெருகப் பெருக, மரபுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் மேடையிலும் வகுப்பறையிலும் குறைந்துகொண்டே போனார்கள். நடனப் பட்டத்தின் வரலாற்றை எழுதும்போது இந்த இழப்பை விட்டுவிட்டு எழுத முடியாது. இன்றைய பாடத்திட்டங்கள் தஞ்சை நால்வரை விரிவாகச் சொல்லும். கௌரி அம்மாளைப் போன்றவர்களுக்கு ஓரிரு வரிகளே கிடைக்கும்.

இந்தியாவில் நடனத்துக்குப் பல்கலைக்கழகப் பட்டம் முதலில் வேரூன்றிய இடம் தமிழ்நாடு அன்று, பரோடா. அங்குள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் 1950 வாக்கில் நடனப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. தஞ்சாவூர் மராத்திய அரச குடும்பத்து இளவரசி ஒருவர் 1880இல் பரோடா மன்னருக்கு மணமுடிக்கப்பட்டபோது, தஞ்சை நடனக் கலைஞர்களும் நட்டுவனார்களும் சீராக அங்கே அனுப்பப்பட்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் வந்த குபேர்நாத் தஞ்சோர்கர் பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். கலாக்ஷேத்ராவில் பயின்ற மோகன் கோகர் நடனத்துறையின் தலைவராக இருந்தார். கலாக்ஷேத்ராவின் இன்னொரு மாணவரான சி.வி. சந்திரசேகர் தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். அவர் பரோடாவில் பேராசிரியராகி, ஓய்வுக்குப் பின் சென்னைக்குத் திரும்பி, 2024இல் மறையும் வரை ஆடலோடு தொடர்பில் இருந்தார். ஆண் பிள்ளை நடனம் படிப்பதா என்று தயங்கும் வீடுகளில் அவர் கதையைச் சொல்லலாம்.

சென்னையில் எங்கே படிக்கலாம்

கே.கே. நகரிலிருந்து கிளம்பும் மாணவருக்கு நகருக்குள்ளேயே இரண்டு முக்கிய இடங்கள் உள்ளன. ஒன்று, அடையாற்றங்கரையில் ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டியிருக்கும் தமிழ்நாடு அரசு இசைக்கல்லூரி. 1949இல் கர்நாடக இசைக்கான மத்தியக் கல்லூரியாகத் தொடங்கியபோது முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வராக இருந்தார். கல்லூரி இருக்கும் பழைய மாளிகையைக் கட்டியவர் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜேம்ஸ் பிராடி. அதே ஆற்றில் படகு விபத்தில் இறந்தவர் அவர். கட்டடத்துக்கு இன்று தென்றல் என்று பெயர். இசைக்கல்லூரியில் பரதநாட்டியத்தில் பட்டப்படிப்போடு பட்டயப்படிப்பும் உண்டு. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு ஊர்களில் உள்ள அரசு இசைக்கல்லூரிகளும் 2013இல் சட்டமியற்றி உருவாக்கப்பட்ட தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவை. வீணை காயத்ரி அதன் முதல் துணைவேந்தர். பிற மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆளுநரே வேந்தராக இருக்க, இதற்கு முதலமைச்சர் வேந்தர்.

மற்றொன்று திருவான்மியூர் கலாக்ஷேத்ரா. 1993ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அதன் ருக்மிணி தேவி நுண்கலைக் கல்லூரியின் அடையாளம் நான்காண்டுப் பட்டயம். அதன் மேல் முதுநிலைப் பட்டயம். இங்கேதான் மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: பட்டயம் வேறு, பட்டம் வேறு. கலாக்ஷேத்ராப் பயிற்சிக்கு நடன உலகில் உள்ள மதிப்பு பல பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு இல்லை. ஆனால் முதுகலையில் சேரவும் பல்கலைக்கழக ஆசிரியப் பணிக்கும் பட்டம் கேட்கப்படும். அதனால் பட்டயம் பயில்வோர் சிலர் அஞ்சல்வழியில் வேறொரு பட்டத்தையும் முடிப்பதுண்டு. பல்கலைக்கழக மானியக் குழு ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைப் படிக்க 2022இல் அனுமதித்தது இத்தகையோருக்குச் சற்று வசதியானது. தொலைநிலையில் நடனப் பட்டமே தரும் படிப்புகளும் உண்டு. சேருமுன், அந்த ஆண்டு அந்தப் படிப்புக்கு மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

சென்னைக்கு வெளியே திருச்சிராப்பள்ளியின் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரியும், சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் நடனம் கற்பிக்கும் குறிப்பிடத்தக்க இடங்கள்.

பாடத்தில் என்ன இருக்கிறது

முதலாண்டில் சேரும் பலருக்கு ஏற்படும் முதல் அதிர்ச்சி, மீண்டும் தட்டடவிலிருந்து தொடங்குவது. அரங்கேற்றம் முடித்தவரையும் அரைமண்டியில் நிறுத்தி, முழங்கால் பக்கவாட்டில் திறந்திருக்கிறதா, முதுகு நேராக இருக்கிறதா, கை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு பாணியிலும் அடவின் பெயரும் செய்முறையும் சற்றே மாறும் என்பதால், வழுவூர் பாணியில் கற்றவர் பந்தநல்லூர் வழியில் கற்பிக்கும் கல்லூரிக்கு வந்தால் உடல் பழகியதை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். சில மாதங்கள் இது மனத்தைச் சோர வைக்கும். தாண்டியவர்கள் தங்கள் அடவு இப்போதுதான் சுத்தமானது என்பார்கள்.

அடுத்தது தாளம். ஏழு தாளங்கள், ஐந்து ஜாதிகள் என்று முப்பத்தைந்து தாளங்களைக் கையால் போட்டுக்காட்ட வேண்டும். அலாரிப்பைத் திஸ்ரத்தில் மட்டுமன்றிக் கண்டத்திலும் மிஸ்ரத்திலும் ஆட வேண்டும், சொல்லவும் வேண்டும். ஆடுவதைவிடச் சொல்வது கடினம் என்பதை மாணவர்கள் நட்டுவாங்க வகுப்பில்தான் உணர்கிறார்கள். ஒரு கையில் வெண்கலத் தாளம், மறு கையில் எஃகுத் தாளம். வாய் சொல்லுக்கட்டைச் சொல்ல, கண் ஆடுபவரின் காலிலேயே இருக்க வேண்டும். மேடையில் இவர் ஓர் அட்சரம் பிந்தினால் ஆடுபவரும் மிருதங்கமும் சேர்ந்து தடுமாறும். நட்டுவாங்கம் கற்றவருக்கு வேலைவாய்ப்பும் தனியாக உண்டு.

ஏட்டுப் பாடங்களில் பரதரின் நாட்டிய சாத்திரமும் நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணமும் தவறாமல் இருக்கும். தேர்வில் பலர் இடறும் இடம் இவ்விரண்டின் வேறுபாடு. ஒற்றைக் கை முத்திரைகள் நாட்டிய சாத்திரத்தில் 24, இன்று வகுப்புகளில் அபிநய தர்ப்பண வழியில் சொல்லித்தருவது 28. வகுப்பில் மனப்பாடமாக ஒப்பித்த சுலோகத்துக்கு இரண்டு நூல்களில் இரண்டு கணக்கு இருப்பதே பலருக்குப் புதிய செய்தி. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுற்றில் 108 கரணங்களில் 81 மட்டும் செதுக்கப்பட்டு மீதிக் கற்கள் வெறுமையாக நிற்பதும் பாடத்தில் வரும். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்ற மார்க்கத்தின் வரிசையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் ஒழுங்குபடுத்தினார்கள். வடிவேலு பின்னர் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் அவைக்குச் சென்றார்.

இவற்றோடு வாய்ப்பாட்டு, தமிழ் அல்லது பிறமொழி இலக்கியம், ஒப்பனை என்று துணைப் பாடங்கள் சேரும். கும்மி, கோலாட்டம், கரகம், ஒயிலாட்டம் போன்ற நாட்டார் ஆடல்களும் பல பாடத்திட்டங்களில் உண்டு, ஆனால் விருந்தாளியைப் போலத்தான். தமிழ்நாட்டின் ஆடல் மரபில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்பதை நினைக்கும்போது இந்த அளவு மிகக் குறைவு.

உடல் பற்றி ஒரு சொல். நாள் முழுதும் கடினமான தரையில் தட்டி ஆடுவது முழங்காலையும் கீழ்முதுகையும் பதம் பார்க்கும். உடற்கூறும் காயத் தடுப்பும் பாடமாக இருக்கும் இடங்கள் நல்லவை; இல்லாத இடங்களில் மாணவரே கவனமாக இருக்க வேண்டும். கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது ஆடும் கூடத்தின் தரையையும் பார்த்துவிட்டு வருவது நல்லது.

பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. நடனத்தில் ஆசிரியர் மாணவரின் உடலைத் தொட்டுத் திருத்துவது வழக்கம். குருவை எதிர்த்துப் பேசக்கூடாது என்பதும் வழக்கம். இவ்விரண்டும் சேரும் இடத்தில் அத்துமீறல் மறைந்துகொள்ள முடியும். 2023 மார்ச் மாதம் கலாக்ஷேத்ரா மாணவர்கள் பாலியல் துன்புறுத்தல் புகார்களோடு வளாகத்தில் போராட்டம் நடத்தினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் குறித்த 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சேரும் கல்லூரியில் அந்தக் குழு இயங்குகிறதா, உறுப்பினர்கள் யார் என்று கேட்பது குருபக்திக்கு எதிரானதன்று.

படித்தபின்

இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வது கடினம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராச சோழன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை நியமித்து, ஒவ்வொருவருக்கும் வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் ஒதுக்கிய செய்தி இருக்கிறது. பெயர்களும் வீட்டு வரிசையும்கூடப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்த அந்த அளவு நிரந்தர வேலை இன்றைய நடனப் பட்டதாரிக்குத் தமிழ்நாட்டில் இல்லை. அரசுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர் பணி என்றால் ஓவியம், இசை, தையல், உடற்கல்விதான். அந்த வரிசையில் நடனம் இல்லை. பதினேழு மாவட்டங்களில் உள்ள அரசு இசைப்பள்ளிகளில் பரதநாட்டிய ஆசிரியர் பணியிடம் உண்டு, எண்ணிக்கை சொற்பம்.

இலங்கையில் நிலை வேறு. அங்கே நடனம் பள்ளிப் பாடம். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் அதை எடுத்துப் பரீட்சை எழுதலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைக் கழகம் 1960இல் மருதனார்மடத்தில் இசைக்கழகமாகத் தொடங்கிப் பின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இவற்றில் பட்டம் பெறுவோர் பள்ளி ஆசிரியர்களாக முடிகிறது. ஆசிரியர் இருப்பதால் மாணவர் வருகிறார். மாணவர் இருப்பதால் பட்டத்துக்குத் தேவை இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சங்கிலி பள்ளியிலேயே அறுந்துவிடுகிறது. மத்தியக் கல்வி வாரியம் மேல்நிலை வகுப்புகளுக்குப் பரதநாட்டியத்தை ஒரு பாடமாக வைத்திருந்தும் அதை நடத்தும் பள்ளிகள் குறைவு. நடத்தும் பள்ளிகளும், நடனம் கற்பிக்கும் பிற தனியார் பள்ளிகளும் பட்டதாரிகளுக்கு ஓரளவு வேலை தருகின்றன.

கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் முதுகலைக்குப் பின் தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுத வேண்டும். அதில் நடனம், நாடகம் ஆகியவை நிகழ்த்துகலைப் பாடமாக உள்ளன. புகழ்பெற்ற ஆசானிடம் பயின்று, வானொலி அல்லது தூர்தர்ஷனில் உயர்தரநிலை பெற்ற கலைஞர்களுக்கு மானியக் குழு தனி வழியொன்றும் வைத்திருக்கிறது. மேடையையே நம்புவோருக்கு நடுவண் பண்பாட்டு அமைச்சகத்தின் இளங்கலைஞர் உதவித்தொகை உண்டு. 18 முதல் 25 வயது வரை உள்ளோருக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டு கிடைக்கும். மார்கழி சபாக்களில் இளையோருக்கான பிற்பகல் கச்சேரிகளில் இதைவிடக் குறைவாகவே கையில் நிற்கும்; உடை, பக்கவாத்தியச் செலவு போனால் கைப்பணம் போடுவோரே அதிகம்.

எனவே பெரும்பாலான பட்டதாரிகள் கடைசியில் வகுப்புதான் தொடங்குகிறார்கள். கே.கே. நகரிலோ வேறெங்கோ ஒரு மாடி, பத்துப் பிள்ளைகள், மாதக் கட்டணம். வெளியே பார்ப்பவருக்கு, படிக்காமலே இதைச் செய்திருக்கலாமே என்று தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அங்கே பிள்ளைகளிடம், ஆடிய ஜதியைக் கையில் தாளம் போட்டுச் சொல்லிக்காட்டு என்று கேட்கிறார்கள்; நாட்டு அடவைத் தவறாக வைக்கும் பிள்ளையின் முழங்கால் ஏன் வலிக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது; வகுப்பு முடியும்போது மூத்த மாணவி ஒருத்தி தட்டுக்கழியை வாங்கிச் சிறு பிள்ளைகளுக்கு நட்டுவாங்கம் செய்து பார்க்கிறாள்.